தெளிவுத்திறன் வேண்டாம், புள்ளியளவு என்போம்

அண்ணை, வணக்கம்.

திரையின் 'ரெசொலூசன்' (resolution) என்பதற்குத் தமிழில் 'தெளிவுத்திறன்' ஏற்கெனவே மென்பொருள்களில் புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது ஒத்துவரவில்லை.

நல்லூர்ப் பக்கத்து ரியூற்றறி ஒன்றில் நடப்பதைச் சொல்கிறேன். லப்டொப் திரை 1366×768. விஜிஏ வயரில் பொருத்திய பழைய புறொஜெக்டர் 1024×768. இரண்டிலும் ஒரே படம் வேண்டுமென்றால் கணினி இரண்டுக்கும் பொதுவான அளவுக்கு இறங்கிவிடும். லப்டொப்பில் படம் பக்கவாட்டில் இழுபடும், அல்லது இரு கரையிலும் கறுப்புப் பட்டி விழும். உடனே ஒரு பிள்ளை அமைப்புக்குள் போய்த் 'தெளிவுத்திறன்' என்பதைக் கண்டு, கூட்டினால் தெளிவு கூடும் என்று ஆக மேலே உள்ள எண்ணைத் தெரிவுசெய்கிறது. புறொஜெக்டர் அந்தப் பெரிய படத்தைச் சுருக்கித் தன்னிடமுள்ள புள்ளிகளுக்குள் அடைக்கிறது. எழுத்து முன்னையிலும் மோசம். சொல்லே பிள்ளையைப் பிழையான பக்கம் அனுப்பிவிடுகிறது.

அங்கே நாம் தெரிவுசெய்வது அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்பதைத்தான். ஆகவே 'புள்ளியளவு'. 'பிரிதிறன்' நல்ல சொல், ஆனால் பௌதிகத்துக்குரியது: நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை நுணுக்குக்காட்டி வேறுபிரித்துக் காட்டும் திறன். அது அங்கேயே இருக்கட்டும்.

திரையில் உண்மையாகவே பதிந்திருக்கும் புள்ளிகளின் அளவுக்கு 'இயற்புள்ளியளவு' என்று வைக்கலாம், இயற்பெயர் என்பதுபோல. "புறொஜெக்டரின் இயற்புள்ளியளவுக்கு மாற்று" என்றால் பிள்ளை சரியான எண்ணைத் தேடும்.

இன்னொன்று. திரை தன் இயற்புள்ளியளவை 128 பைட் தரவுக்குள் வைத்து வயர் வழியே கணினிக்கு அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் EDID என்னும் இந்தத் தரவுக்குத் 'திரைக்குறிப்பு' போதும் என்பது என் எண்ணம். மலிவான விஜிஏ வயர்களில் இந்தச் செய்தி போகும் 12ஆம், 15ஆம் ஊசிகளுக்கு இணைப்பே இல்லாமல் இருப்பதுண்டு. அப்போது லினக்ஸ் பெரும்பாலும் 1024×768-க்கு மேல் காட்டாது. லினக்ஸில் திரையமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையால் வேண்டிய அளவை நாமே சேர்க்கவேண்டும், அல்லது வயரை மாற்றவேண்டும். "திரைக்குறிப்பு வரவில்லை" என்று ஒரு சொல்லில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கொடுத்தால் ஓரம் வெட்டுப்படுவது வேறு சங்கதி. அதைப் பெரும்பாலும் தொலைக்காட்சியின் மெனுவில் திருத்தலாம். 'ஓரவெட்டு' சரிவருமா?

அச்சில் வரும் 'அங்குலத்துக்கு இத்தனை புள்ளி' என்பதைப் 'புள்ளியடர்த்தி' என்று பிரித்துவிடலாம். அச்சகத்தில் வேலைசெய்கிறவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள், அண்ணை.