'ஓவர்சைட்': மேற்பார்வை வேண்டாம், கண்காணிப்பும் வேண்டாம், 'கேள்விமுறை' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

வட அயர்லாந்தின் காவல் சீர்திருத்தம் பற்றி நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் 'ஓவர்சைட்' (oversight, அதாவது காவல்துறையை வெளியிலிருந்து ஓர் அமைப்பு கேள்வி கேட்டுப் பொறுப்பாக்குவது) வருகிறது, அதற்குச் சொல் கேட்டு எழுதியிருந்தேன். பதில் போட்டவர்களுக்கு நன்றி. இரண்டு பரிந்துரைகளையும் ஒரு வாரம் வாக்கியத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன், இரண்டுமே எனக்கு இடிக்கிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

> மேற்பார்வை போதுமே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

ஐயா, மேற்பார்வை என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்ப்பது. எஸ்.ஐ.யை இன்ஸ்பெக்டர் பார்க்கிறார், இன்ஸ்பெக்டரை டி.எஸ்.பி. பார்க்கிறார். துறைக்குள்ளேயே நடக்கும் வேலை அது, ஆங்கிலத்திலும் அதற்கு சூப்பர்விஷன் என்று தனிச்சொல் இருக்கிறது. வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட்டில் நடப்பது அது இல்லை. 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசியல்வாதி கிறிஸ் பேட்டன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள், 1999இல் அதன் அறிக்கை வந்தது, அதன்படி 2001இல் காவல் வாரியம் பிறந்தது. மொத்தம் 19 பேர்: 10 பேர் சட்டமன்ற உறுப்பினர்கள், 9 பேர் கட்சி சாராத தனியாட்கள். அங்குள்ள காவல்துறையின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இந்த வாரியம், பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொதுமக்கள் பார்க்கக் கேள்வி கேட்பதும் இதே வாரியம். (அவருடைய பதவிப் பெயர் சீஃப் கான்ஸ்டபிள். அதைத் 'தலைமைக் காவலர்' என்று யாரும் மாற்றிவிட வேண்டாம், நம் ஊரில் அது ஏட்டையா. 'காவல்துறைத் தலைவர்' என்றே போடலாம்.)

நம்மிடம் மேற்பார்வையும் ஓவர்சைட்டும் குழம்பிக் கிடப்பதற்குத் தனித்தனிச் சொல் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2006இல் காவல் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013 சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். புகார் யார்மேல் வருமோ அந்தத் துறையின் மேலதிகாரிகளே உள்ளே உட்கார்ந்தால் அது மேற்பார்வைதான், அதை ஓவர்சைட் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருந்தால் இந்த வேறுபாட்டைத் தமிழில் வாதாடக்கூட முடியாது.

> கண்காணிப்பு நல்ல பழைய சொல். 'காவல் கண்காணிப்புக் குழு' என்று வைக்கலாம்.

அக்கா, சொல் அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எஸ்.பி.க்கே 'காவல் கண்காணிப்பாளர்' என்றுதான் பெயர்ப்பலகை. 'போலீஸ் கண்காணிப்பு' என்று படித்தால் போலீஸ் யாரையோ கண்காணிக்கிறது என்றுதான் மனம் போகும், கேமராவும் ரவுடிப் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். யார் யாரைப் பார்ப்பது என்பது தலைகீழாகிவிடுகிறது. அப்புறம் இலங்கையின் மலையக வாசகர்களையும் யோசியுங்கள். கங்காணியும் இதே சொல்தான், தோட்டத்துரைக்காகக் கூலியாட்களைப் பிடித்துவந்து வேலை வாங்கிய ஆள். மக்கள் கையில் இருக்கவேண்டிய அதிகாரத்துக்கு அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை.

தணிக்கை வேண்டாம், சினிமா சென்சாராகிவிடும். 'பொறுப்புக்கூறல்' ஈழத்தவர் பரப்பிய அருமையான சொல், நான் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன், ஆனால் அது பதில் சொல்லும் பக்கம். நமக்கு வேண்டியது கேட்கும் பக்கம்.

இங்கேதான் எனக்குக் 'கேள்விமுறை' தோன்றியது. புதிதாகச் செய்ததில்லை, வீட்டில் கேட்டது. பல வருடம் முன்பு என் சித்தப்பாவின் டி.வி.எஸ். வண்டியைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். என்ன வழக்கு என்று சொல்லவில்லை, ரசீது இல்லை, மூன்று நாள் அலையவிட்டார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து சொன்னார்: "கேட்க ஆளில்லேன்னுதானே இப்படி? ஒரு கேள்விமுறை வேணாமா?" ஓவர்சைட் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதுவரை எதிலும் படிக்கவில்லை. கேட்கும் உரிமை, கேட்பதற்கு ஒரு முறை, கேட்டால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம், மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. "கேள்விமுறை இல்லாமல் போச்சு" என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

2020 ஜூன் சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது, ஆனால் பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் எழுதினார். ஆக, கண்காணிக்கக் கருவி இருந்தது. மேற்பார்வைக்கு அதிகாரிகளும் இருந்தார்கள். "நேற்றைய பதிவைக் காட்டு" என்று கேட்க அந்த ஊரில் உரிமையுள்ள ஒருவர் இல்லை. போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த பிறகுதான் கேள்வி வந்தது.

சேர்க்கைகள் எப்படி வருகின்றன என்று எழுதிப் பார்த்தேன். காவல் கேள்விமுறை வாரியம், கேள்விமுறை அதிகாரம், மக்கள் கேள்விமுறை. நன்றாகவே ஒட்டுகின்றன. 'ஆம்புட்ஸ்மன்' என்பதற்குக் குறைகேள் அதிகாரி என்று ஏற்கனவே எழுதுகிறோம், அதே 'கேள்' வேர்தான் இதிலும். வாரியம் என்றால் மின்வாரியம் ஞாபகம் வரும் என்று ஒருவர் சொன்னார், எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஊராட்சி வாரியங்கள் ஞாபகம் வருகின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்கக்கூடாது என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கேள்விமுறைக்குப் பக்கத்தில் நிற்க அது தகுதியான சொல். குறை என்று பார்த்தால் வினைச்சொல் சரியாக அமையவில்லை. 'கேள்விமுறைக்கு உட்படுத்து' நீளம்தான், இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். தேர்வு வினாத்தாளின் 'கேள்வி முறை'யோடு குழம்பாமலிருக்கச் சேர்த்தே எழுதவேண்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது 'கம்யூனிட்டி சேஃப்டி'. வட அயர்லாந்தில் 2012 முதல் உள்ளாட்சிப் பகுதிதோறும் கவுன்சிலர்களும் பொதுமக்களும் உட்காரும் ஒரு குழு இருக்கிறது, உள்ளூர் போலீஸைக் கேள்வி கேட்பதும் தெருச்சண்டை, திருட்டுப் பயம் போன்றவற்றுக்கு வழி தேடுவதும் அதன் வேலை. அதன் பெயரிலேயே இந்தச் சொல் வருகிறது. 'சமூகப் பாதுகாப்பு' என்று போட்டால் முதியோர் ஓய்வூதியம் ஆகிவிடும். 'ஊர்ப் பாதுகாப்பு' சொல்ல இனிமை, ஆனால் ஊர் வேறு சேரி வேறு என்று இன்றும் பிரித்துப் பேசும் கிராமங்களில் ஊர்க்குழு என்றால் யார் உட்காருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தச் சொல்லை நான் போடமாட்டேன். 'வட்டாரம்' பி.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்விட்டது. 'காவல்துறை நண்பர்கள் குழு' பாணியிலும் வேண்டாம். 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கி 2020 ஜூலையில் மாநிலம் முழுக்கத் தடைசெய்யப்பட்ட அந்த அமைப்பில் இருந்தவர்கள் போலீஸுக்கு உதவப் போனவர்கள், போலீஸைக் கேட்கப் போனவர்கள் அல்லர்.

'குடியிருப்போர் பாதுகாப்பு' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வாசனை வருகிறதோ என்று தயக்கம். இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். கேள்விமுறையில் ஓட்டை இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.