பவுடர் இல்லாத நேரத்தில் டியூபுக்கு என்ன போட்டீர்கள்?

காங்கேயம்:
அப்பாரு ஓட்டிய சைக்கிளை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். கொறங்காட்டு (மேய்ச்சல் நில) தடத்தில் போனால் வெள்வேல முள் ஏறாமல் வீடு வந்து சேர முடியாது. போன மாதம் டியூபையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. மாட்ட உட்கார்ந்தால், டியூப் டயரோடு ஒட்டாமலிருக்கப் போடும் முகப்பவுடர் டப்பா காலி. வாசலுக்குப் போடும் கோலமாவு கிண்ணத்தில் இருந்தது. இதுவும் வெள்ளைப் பொடிதானே என்று டயருக்குள் தாராளமாகத் தூவி மாட்டினேன். 20 நாளில் காற்று இறங்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் முள் எதுவும் இல்லை. டியூபின் முதுகு உப்புத்தாள் தேய்த்த மாதிரி சொரசொரவென்று இருந்தது, இரண்டு இடத்தில் ஊசித்துளை. கடையில் வாங்கும் கோலமாவு கல்லை அரைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பத்தா அரிசி மாவில் கோலம் போட்ட காலம் வேறு. புது டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், பார்த்துவிட்டு மாட்டுகிறேன்.

சோமனூர்:
நான் சைசிங் மில்லில், அதாவது நெசவு நூலுக்குக் கஞ்சி போடும் ஆலையில், வேலை பார்த்தவன். சமையலறையில் இருக்கும் சோளமாவை, அதாவது சூப்புக்குக் கரைக்கும் வெள்ளை மாவை, இரண்டு வருடம் என் மொபெட்டுக்குப் போட்டிருக்கிறேன். வெயில் மாதங்களில் ஒரு குறையும் இல்லை, நைசாக வழுக்கியது. ஐப்பசி மழையில்தான் வினை. வால்வு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, மாவு கட்டி கட்டியாகப் பிடித்துப் பூசணம் பூத்திருந்தது. டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டதால் இழுத்த இழுப்பில் கிழிந்தது. பாவு நூலுக்கு விறைப்பு ஏற்ற இந்த மாதிரி மாவைத்தான் கஞ்சி காய்ச்சுவோம். தண்ணீரும் சூடும் சேர்ந்தால் பசையாகிற பொருள் என்பது எனக்கே தெரியும், இருந்தும் யோசிக்கவில்லை. அவசரத்துக்குச் சோளமாவு போடலாம். ஆனால் மெல்லிசாகப் போடுங்கள், மழைக்கு முன்னால் ஒரு தடவை கழற்றித் துடைத்துவிடுங்கள். குழந்தைப் பவுடரிலும் சில இப்போது சோளமாவில்தான் வருகின்றன. லேபிளைப் பார்த்து எடுங்கள்.

பொள்ளாச்சி:
தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாங்க. தோப்பு வீடு என்பதால் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, டயர் விளிம்பில் தடவி மாட்டினேன். வெகு சுலபமாக ஏறியது. இளநீர் ஏற்றிக்கொண்டு ஆனைமலை ரோட்டில் இரண்டு தடவை பிரேக் அடித்ததும் டயர் ரிம்மிலேயே வழுக்கி நகர்ந்து, டியூபையும் இழுத்து, வால்வு அடியோடு கிழிந்துவிட்டது. ஒட்டுப் போடக்கூட வழியில்லை.

கோபி:
அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார், பள்ளி விட்டு வந்து அந்தக் கடையில்தான் இருப்பேன். பொள்ளாச்சி அண்ணா சொன்னது சத்தியம். கிரீஸ், மண்ணெண்ணெய் என்றால் இன்னும் மோசம், ரப்பரே ஊதிப்போய் இளகிவிடும். டயர் விளிம்பு ரிம்மில் ஏற அடம்பிடித்தால் சோப்புத் தண்ணீர் தடவலாம். விளிம்பில் மட்டும் லேசாகத் தடவி, காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.

பவுடர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். காற்று அடிக்கும்போது டியூப் விரிந்து டயருக்குள் தன் இடத்தைப் பிடிக்க வேண்டும். உலர்ந்த ரப்பர் ரப்பரோடு ஒட்டினால் ஒரு பக்கம் மடிந்து நிற்கும், இன்னொரு பக்கம் இழுபட்டு மெலிந்துபோகும். பவுடர் இருந்தால் சறுக்கிக்கொண்டு உட்காரும். முகப்பவுடர் டால்க் கல்லின் பொடி. கல்சட்டி செய்கிற மாக்கல்லிலும் பெரும்பாலும் அந்தக் கனிமம்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியதில் டால்க்குக்கு 1, எல்லாவற்றிலும் மெது. அதனால்தான் கல்லாக இருந்தும் ரப்பரை அறுப்பதில்லை. சிலர் அடுப்புச் சாம்பலை வேட்டித் துணியில் சலித்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு போகாது, எனக்கு அது பிடிக்காது.

அப்பா செய்த முறையைச் சொல்கிறேன். டியூபில் உருண்டை வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று. ஒரு பிளாஸ்டிக் பையில் டியூபையும் ஒரு கரண்டி பவுடரையும் போட்டுக் குலுக்கு, குலுக்கு என்று குலுக்கி, வெளியே எடுத்துத் தட்டிவிடுவார். பவுடர் பூசியதே தெரியக்கூடாது. மூக்கைத் திருப்பிக்கொள்ளச் சொல்வார், தூசி நெஞ்சுக்கு ஆகாது. மாட்டிய பிறகு வால்வை உள்ளே ஒரு அழுத்து அழுத்தி விடுவார். பாதிக் காற்று அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடிப்பார். உள்ளே மடிப்பு இருந்தால் அதில் நிமிர்ந்துவிடும்.

காங்கேயம்:
கோபி அண்ணா, மிக்க நன்றிங்க. பழைய டயரை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்துக் கோலமாவைப் போக்கினேன். நிழலில் காயவைத்து, முகப்பவுடர் ஒரு கரண்டி, பையில் குலுக்கல், இரண்டு தடவை காற்று. இன்று ஊதியூர் வரை போய்வந்தேன், வால்வு நேராக நிற்கிறது.