மண்டல ஜோடிப் போட்டிக்கு குமரில இருந்து யாரு போகணும்? தகுதி விதி பத்தி பேசுவோம்

கோட்டாறு டிக்ளேரர்:
எல்லாருக்கும் வணக்கம். பிரிட்ஜ் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நாலு பேரு ரெண்டு ஜோடியா உக்காந்து, எத்தன டிரிக் (சுத்து) எடுப்போம்னு ஏலம் சொல்லி ஆடுத சீட்டாட்டம். மண்டல பிரிட்ஜ் ஜோடிப் போட்டிக்கு நம்ம மாவட்டத்துல இருந்து 6 ஜோடி அனுப்பலாம், அந்த 6 ஜோடிய எப்படி எடுக்கதுன்னு கமிட்டி ஒரு வரைவு போட்டிருக்கு. படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லுதேன். ஜோடில ரெண்டு பேருக்கும் குமரி மாவட்டத்துல வீட்டு விலாசம் இருக்கணும், ரெண்டு பேருக்கும் 18 வயசு ஆகியிருக்கணும், அதே ஜோடியா கிளப்புல குறைஞ்சது 4 செஷன் ஆடியிருக்கணும், அந்த செஷன்களோட சராசரி 50 சதவீதத்துக்கு மேல இருக்கணும். தேறினவங்கள்ல சராசரி கூடின 6 ஜோடி போகும்.

நான் இத முழுசா ஆதரிக்கேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, நம்ம மாவட்டத்து இடம் நம்ம மாவட்டத்து ஆளுக்குத்தான். திருவனந்தபுரத்துல நல்ல ஆட்டக்காரங்க இருக்காங்க, அவங்களுக்கு அவங்க மாநிலத்துல வழி இருக்கு, இங்க வந்து ஒரு லோக்கல் ஆள பிடிச்சு ஜோடி சேந்து இடத்த எடுத்துட்டு போனா வருஷம் முழுக்க வாரா வாரம் ஆடுத நம்ம ஆளு எங்க போவான்? ரெண்டாவது, ஜோடின்னா ஜோடியா இருக்கணும். ஏலத்துல ஒரு நோ டிரம்ப்னா (துருப்பு இல்லாத ஆட்டம்) எத்தன பாயிண்ட், முதல் சீட்டு இறக்கும்போது என்ன சிக்னல், கழிக்கும்போது என்ன அர்த்தம், இதெல்லாம் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து உக்காந்து வரது. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டில பிரிட்ஜ் முதல் தடவ சேத்தாங்க, அதுல ஆண்கள் ஜோடில தங்கம் வாங்கினது பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும், ஒருத்தருக்கு 60 வயசு ஒருத்தருக்கு 56, ரொம்ப வருஷமா ஒண்ணா ஆடினவங்க. அன்னைக்கு காலைல சேந்த ஜோடி இல்ல.

மார்த்தாண்டம் ஈஸ்ட்:
அண்ணே ரெண்டாவது காரணம் சரி, முதல் காரணத்துக்கு நான் எதிரு. என் பார்ட்னர் பாறசாலைல இருக்காரு. பாறசாலை கேரளாதான், நெய்யாற்றின்கரை தாலுக்கா, ஆனா எங்களுக்கு நாகர்கோவில விட பாறசாலை பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ரெண்டு பக்கமும் ஒரே ராஜ்யத்துலதான் இருந்தது, அன்னைக்கு கோடு போட்டாங்க, எங்க விளவங்கோடு தாலுக்கா இங்க வந்துது நெய்யாற்றின்கரை அங்க நின்னுது. கோடு போட்டதோட பழக்கம் நின்னு போகல்ல. அவரு டெய்லி களியக்காவிளை வழியா வேலைக்கு வாராரு, எங்க கிளப்புல சந்தா கட்டுகாரு, புதுசா வாற பையன்மாருக்கு ஏலம் சொல்லிக் குடுக்காரு, கிளப்புல டேபிள் விரிக்கதும் அவருதான். அப்படி ஒரு மனுஷன ஆதார்ல பின்கோடு வேறன்னு வெளிய நிறுத்துவீங்களா? நீங்க பயப்படுகது ஒரு நாளைக்கு வாடகைக்கு வாற ஆள பத்தி. அத தடுக்க கிளப்ல ஒரு வருஷம் மெம்பரா இருக்கணும்னு போடுங்க, நான் கையெழுத்து போடுகேன். விலாசம் பாக்கதுனால அந்த ஆள தடுக்க முடியாது, நாகர்கோவில்ல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தா அவனுக்கு விலாசம் வந்துரும், என் பார்ட்னருக்கு வராது.

தக்கலை டைரக்டர்:
விலாசம் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. எனக்கு பெரிய பிரச்சனையா தெரியுறது அந்த 50 சதவீதம். இத விட்டுட்டு மத்தத திருத்தி பிரயோஜனம் இல்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கிடுங்க.

கிளப்ல மார்க் போடுற மேட்ச்பாயிண்ட் முறைல உங்க ஸ்கோர் தனியா நிக்காது. அதே போர்டு (ஒரு தடவ பிரிச்ச நாலு கை சீட்டு, அதே கைதான் டேபிள் டேபிளா போகும்), உக்காந்த அதே திசை, மத்த டேபிள்ல என்ன வந்துதுன்னு பாத்துதான் மார்க். நீங்க ஜெயிச்ச ஒவ்வொரு ஜோடிக்கும் உங்களுக்கு 2 மார்க், சமமா வந்தா 1. அப்ப ஒரு கிளப்ல எத்தன பேரு ஆடினாலும், எவ்வளவு நல்லா ஆடினாலும், மொத்த ஹால் சராசரி எப்பவும் 50தான். அது கணக்கோட அமைப்பு. நாகர்கோவில்ல கெட்டிக்காரங்க கூடி ஆடுற இடத்துல ஏறக்குறைய பாதி ஜோடி 50க்கு கீழதான் இருக்கும், போன மாசம் பிரிட்ஜ் படிச்சு முடிச்சவங்க ஆடுற ஒரு சின்ன கிளப்ல ஏறக்குறைய பாதி ஜோடி 50க்கு மேல இருக்கும். அப்ப இந்த விதி நல்ல ஜோடிய தேடல, லேசான கிளப்ப தேடுது.

அடுத்தது டேபிள் எண்ணிக்கை. 4 டேபிள் ஹோவல்னா (ஜோடிகள் இடம் மாறி மத்த எல்லா ஜோடியோடயும் ஆடுற முறை) ஒரு போர்டு 4 தடவதான் ஆடப்படும், டாப், அதாவது கூடின மார்க், 6. 9 டேபிள் மிட்சல்னா (ஒரு திசை ஜோடிகள் உக்காந்தே இருக்க, மறு திசை ஜோடிகள் நகருற முறை) 9 தடவ, டாப் 16. ஒரு உதாரணம் பாருங்க. வல்னரபிள் இல்லாத (போனஸும் தண்டனையும் குறைவான) போர்டு, எல்லாரும் 4 ஸ்பேடு ஏலம் போய் 10 டிரிக் எடுக்காங்க, ஸ்கோர் 420. ஒருத்தர் மட்டும் 3 நோ டிரம்ப்ல நின்னு அதே 10 டிரிக் எடுக்காரு, 430. 4 டேபிள்ல 420 எடுத்தவனுக்கு ரெண்டு பேரோட சமம், 6க்கு 2, அதாவது 33 சதவீதம். 9 டேபிள்ல அதே 420க்கு ஏழு பேரோட சமம், 16க்கு 7, கிட்டத்தட்ட 44. ஒரே காண்ட்ராக்ட், ஒரே ஆட்டம், யாரோ ஒருத்தர் பக்கத்து டேபிள்ல வேற மாதிரி ஏலம் சொன்னதுக்கு 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம். இந்த ரெண்டு கிளப் நம்பரையும் ஒரே பேப்பர்ல மேல கீழ எழுதி 6 பேர எடுக்கது நியாயமே இல்ல.

கோட்டாறு டிக்ளேரர்:
சார் நீங்க சொல்லுத கணக்கு எனக்கு புரியுது. அதுக்கு வழி எல்லாரும் நாகர்கோவில் கிளப்புக்கு வந்து ஆடுகதுதான். பெரிய ஹால் இருக்கு, 9 டேபிள் சேருது, பிட்டிங் பாக்ஸ் (ஏலத்த வாய்ல சொல்லாம காட்டுத அட்டைப் பெட்டி) இருக்கு. மாவட்டத் தலைநகரம், நிறைய பஸ்ஸு வடசேரி ஸ்டாண்டுக்கு வருது.

தோவாளை டம்மி:
அண்ணாச்சி வடசேரிக்கு பஸ் வருது சரி, திரும்பிப் போகணும்லா. செஷன் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிச்சு பத்து மணி ஆவுது. தோவாளை எனக்கு பக்கம் நான் வந்துருவேன், குலசேகரம் அருமனைல இருந்து ஒரு பொம்பள எப்படி வருவா? நாலு செஷன்னு போட்டா நாலு ராத்திரி. வீட்ல சீட்டு ஆடப் போறேன்னு சொல்லி கிளம்புகதே ஒரு போராட்டம். நம்ம வீடுகள்ல சீட்டுன்னாலே காசு வச்சு ஆடுகதுதான்னு நினைப்பு. 1967ல சுப்ரீம் கோர்ட்டு ரம்மி கேஸ்ல தீர்ப்பு சொல்லும்போதே பிரிட்ஜ எடுத்துக் காட்டி இதெல்லாம் பெரும்பாலும் திறமை ஆட்டம்னு சொன்னாங்கன்னு நான் எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எத்தனையோ தடவ விளக்கியாச்சு. கிளப்ல இருக்க பெண்கள் குறைவு, இருக்கவங்களையும் ராத்திரி நேரத்த காட்டி விரட்டாதீங்க.

அப்புறம் அந்த 18 வயசு. என் பார்ட்னர் என் அக்கா மக, பிளஸ் டூ முடிச்சு இப்பதான் காலேஜ் சேந்திருக்கா, 17 வயசு. டிஃபன்ஸ்ல (எதிர் ஜோடி எடுத்த ஏலத்த தடுத்து ஆடும்போது) அவ சீட்ட எண்ணுத மாதிரி நான் எண்ண மாட்டேன், பதிமூணு சீட்டும் யாரு கைல எதுன்னு நாலாவது டிரிக்லயே சொல்லிருவா. உலக அளவுல 16 வயசுக்குள்ள, 21 வயசுக்குள்ள, 26 வயசுக்குள்ளன்னு தனித்தனியா போட்டி நடக்கு. அங்க 16 வயசுப் பிள்ளைக்கு டேபிள் இருக்கு, நம்ம மாவட்டத்துல 17க்கு இல்லையா? பெத்தவங்க கடிதம் கேளுங்க, தரோம். இந்த வயசு விதிய யாரு எதுக்கு போட்டாங்கன்னே எனக்கு விளங்கல்ல.

மார்த்தாண்டம் ஈஸ்ட்:
அக்கா சொல்லுகது நூத்துக்கு நூறு சரி. வயசு விதிய எடுத்துரணும். கிளப்ல இருக்கவங்க வயச பாத்தா தெரியும், பிள்ளைங்கள உள்ள விடல்லன்னா பத்து வருஷம் கழிச்சு இந்த மாவட்டத்துல நாலு டேபிள் கூட சேராது.

குளச்சல் நோட்ரம்ப்:
நான் மஸ்கட்ல வேலை பாக்கேன், வருஷத்துக்கு ஒரு லீவு. என் பார்ட்னர் ஊர்ல இருக்காரு. நாங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கிழம தோறும் பிபிஓல (பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்) ஒண்ணா ஆடுதோம், எங்க சிஸ்டம் கார்டு (எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு எழுதின அட்டை) அச்சடிச்சு வச்சிருக்கோம், டிரான்ஸ்ஃபர், ஸ்டேமன்னு ஏல முறை எல்லாம் பேசி முடிவு பண்ணது. போட்டி வர மாசம் நான் லீவ சரிபண்ணி வந்துருவேன். ஆனா 4 கிளப் செஷன்னா நான் வந்து இறங்கி எங்க ஆடி முடிக்க? ஆன்லைன்ல ஆடுகத கணக்குல எடுத்துக்கிடணும்னு கேக்கேன். குளச்சல்லயும் சுத்து வட்டாரத்துலயும் நிறைய வீட்ல ஒரு ஆளு வெளிநாட்டுலதான், நான் மட்டும் இல்ல.

கோட்டாறு டிக்ளேரர்:
குளச்சல் தம்பி, உங்க மேல சந்தேகப்பட்டு சொல்லல்ல. ஆனா ஆன்லைன்ல பார்ட்னர் கூட போன்ல பேசிட்டு ஆடலாம், வேற ஐடில நுழைஞ்சு நாலு கையும் பாக்கலாம். அந்த மாதிரி கேஸ் உலகத்துலயே பெரிய பெரிய ஆட்டக்காரங்க மேல வந்துருக்கு. அந்த சதவீதத்த எடுத்து ஒரு ஆள அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். 18 வயசு விதி போனா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, தோவாளையோட அக்கா மக வரட்டும், நல்லா ஆடட்டும்.

தக்கலை டைரக்டர்:
ஆன்லைன் விஷயத்துல ரெண்டா பிரிச்சு பாக்கணும். ரெண்டு பேரும் பழகின ஜோடியான்னு தெரிய ஆன்லைன் ஆட்டம் போதும், சிஸ்டம் கார்டு குடுத்தா போதும். யாரு நல்லா ஆடுறாங்கன்னு அளக்க ஆன்லைன் வேண்டாம். இந்த வரைவு ரெண்டையும் ஒரே விதில அடைச்சு வச்சிருக்கு, அதுதான் எல்லா குழப்பத்துக்கும் காரணம். கூட ஆடின பழக்கத்துக்கு ஒரு விதி, தேர்வுக்கு வேற ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்கு என் யோசனை இது. ஒரே ஞாயித்துக்கிழம மதியம் ரெண்டு மணிக்கு, நாகர்கோவில்லயும் மார்த்தாண்டத்துலயும் ஒரே நேரத்துல, ஒரே 27 போர்டு. நாகர்கோவில்ல 9 டேபிள் மிட்சல், 9 ரவுண்டு, ரவுண்டுக்கு 3 போர்டு. மார்த்தாண்டத்துல 5 டேபிள், 10 ஜோடி, ஹோவல் போட்டா அதுவும் 9 ரவுண்டு, 3 போர்டு, கணக்கு அப்படியே பொருந்துது. ரெண்டு இடத்து ஸ்கோரையும் ஒண்ணா சேத்து மார்க் போட்டா ஒவ்வொரு போர்டும் 14 தடவ ஆடப்பட்டிருக்கும், டாப் 26. கிளப் லேசா கஷ்டமான்ற பேச்சே பாதி போயிரும். மொத்தம் மூணரை மணி நேரம், ஆறு மணிக்குள்ள எல்லாரும் கிளம்பலாம்.

மிட்சல்ல ஒண்ணு கவனிக்கணும். நார்த் சவுத் திசைல எதிரெதிரா உக்காருற ஜோடிகள் மத்த நார்த் சவுத் ஜோடிகளோட மட்டும்தான் ஒப்பிடப்படும். நல்ல ஜோடி எல்லாம் ஒரு பக்கம் உக்காந்துட்டா அந்தப் பக்கத்துக்காரன் பாவம். அதனால சீட் குலுக்கல்ல போடணும், யாரும் பழக்க டேபிள் கேக்கக் கூடாது, கடைசி ரவுண்ட திசை மாத்தி ஆடணும். 9ல ஒரு ரவுண்டு திருப்பினா ஒரே வரிசைல ரேங்க் போட போதும், எல்லாத்தையும் திருப்ப வேண்டாம்.

கோட்டாறு டிக்ளேரர்:
ரெண்டு இடத்துல ஒரே கைன்னா சீட்ட அடுக்குகது யாரு? அந்த ஆளுக்கு 27 போர்டும் தெரியும். மார்த்தாண்டத்துல பத்து நிமிஷம் முந்தி ஆரம்பிச்சா, முடிச்சவன் வெளிய வந்து நாகர்கோவிலுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினா? எனக்கு இது பயமா இருக்கு, பட்டுனு சொல்லுதேன்.

தக்கலை டைரக்டர்:
நியாயமான பயம். சீட்டு அடுக்குறவங்க அன்னைக்கு ஆடக் கூடாது, நான் அடுக்குறேன், நான் ஆடல. ரெண்டு செட் அடுக்கி சீல் வச்சு, ரெண்டு ஹால்லயும் எல்லாரும் பாக்க பிரிக்கணும். போன் எல்லாம் டேபிள்ல இருந்து எடுத்து ஒரு பெட்டில, முடியுற வரைக்கும். ரவுண்டு மணி ரெண்டு இடத்துலயும் ஒரே கடிகாரம் பாத்து அடிக்கணும், ஒருத்தர் முந்தினா காத்திருக்கணும். நாகர்கோவில்ல அஞ்சாம் போர்டு ஆடுறவனுக்கு மார்த்தாண்டத்து சேதி எந்த வழில வரும்?

மார்த்தாண்டம் ஈஸ்ட்:
இதுக்கு எங்க கிளப் முழு சம்மதம். போர்டு வாங்க பைக்ல நானே தக்கலைக்கு வாறேன் சார். ஆனா விலாச விதி அப்படியே நின்னா என் பார்ட்னர் இந்த 14 டேபிள்ல ஒண்ணுலயும் உக்கார முடியாது, அத மறந்துராதீங்க.

கோட்டாறு டிக்ளேரர்:
மறக்கல்ல. ஒரே நேரத்து ஆட்டத்துக்கு நான் கமிட்டில கை தூக்குதேன். 50 சதவீதத்த எடுத்துரலாம், 6 ஜோடின்னு ரேங்க்லயே தெரிஞ்சுரும். விலாசத்துல நான் இறங்கி வந்தா இவ்வளவுதான், ஒருத்தராவது குமரில குடியிருக்கணும், மத்தவரு நம்ம கிளப்புல ஒரு வருஷமாவது மெம்பரா இருக்கணும், அந்த வருஷம் வேற எந்த மாவட்டத்துலயும் மாநிலத்துலயும் தகுதிப் போட்டி ஆடியிருக்கக் கூடாது. கடைசில சொன்னத விட மாட்டேன். ரெண்டு வாசல்லயும் நிக்கதுக்கு ஒருத்தரயும் விடக் கூடாது.

மார்த்தாண்டம் ஈஸ்ட்:
என் பார்ட்னர் வேற எங்கயும் ஆடல்ல, அதனால எனக்கு அது தடை இல்ல. ஆனா விதியா எழுதும்போது தகுதிப் போட்டின்னு தெளிவா எழுதுங்க, சாதாரண கிளப் ஆட்டமும் சேத்து எழுதினா திருவனந்தபுரத்துல படிக்கப் போன நம்ம பிள்ளைங்க மாட்டிக்கிடுவாங்க.

தோவாளை டம்மி:
மதிய ஆட்டம்ங்கது எழுத்துல வரணும். வாய்ல சொல்லிட்டு அப்புறம் ஹால் கிடைக்கல்லன்னு சாயங்காலத்துக்கு மாத்தினா நான் சண்டைக்கு வருவேன்.

குளச்சல் நோட்ரம்ப்:
தேதிய குறைஞ்சது ரெண்டு மாசம் முந்தி சொல்லிருங்க, டிக்கெட் போடணும். அன்னைக்கு பார்ட்னருக்கு உடம்பு சரியில்லன்னா என்ன பண்ண?

தக்கலை டைரக்டர்:
பிரிட்ஜ் ஆட்டச் சட்டம் 4 படி ஒரு செஷன்ல ஜோடி மாறக் கூடாது, டைரக்டர் அனுமதிச்சா மாத்து ஆளு உக்காரலாம். ஆனா இது ஒரே செஷன் தேர்வு, மாத்து ஆள வச்சு வந்த ரேங்குக்கு இடம் தரக் கூடாதுன்னு நான் எழுதப் போறேன். சட்டம் 80 படி போட்டி நடத்துறவங்க சேர்க்கை நிபந்தனை போடலாம், அடிப்படை விதிக்கு முரணா இல்லாம முன்கூட்டியே அறிவிச்சா போதும். தோவாளை சொன்ன ரெண்டு மணி, குளச்சல் கேட்ட ரெண்டு மாசம், வயசு விதி நீக்கம், பழகின ஜோடின்னு காட்ட சிஸ்டம் கார்டு, எல்லாம் சேத்து இன்னைக்கு ராத்திரி எழுதி கமிட்டிக்கு அனுப்புறேன். விலாசத்துக்கு கோட்டாறு சொன்ன வாசகத்த அப்படியே போடுறேன், மார்த்தாண்டம் சொன்ன திருத்தத்தோட.

கோட்டாறு டிக்ளேரர்:
போடுங்க சார். ஒரு வருஷ மெம்பர்னா சந்தா ரசீது காட்டணும்னும் ஒரு வரி சேத்துருங்க.