குரங்கின் கவனம்: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் வகுப்பில் கவனம் பற்றி நான் பேச வேண்டும். மக்காக் குரங்குகளிடம் மோரான், டெசிமோன் என்ற மூளை ஆய்வாளர்கள் செய்த சோதனை (1985) புரிந்துவிட்டது. மூளையில் பார்வையைக் கையாளும் வி4 பகுதியில் ஒரு நியூரான் (நரம்பு செல்). அதன் ரிசப்டிவ் ஃபீல்டுக்குள், அதாவது அது பதில் தரும் பார்வைப் பரப்புக்குள், இரண்டு கோடுகள். ஒன்று அதற்குப் பிடித்தது, அதாவது அதை பலமாகத் தூண்டுவது. கண்ணை அசைக்காமல் குரங்கு மற்றதைக் கவனித்தால், பிடித்தது அங்கேயே இருந்தும் நியூரான் அடங்கிவிடுகிறது. அழகான சோதனை!

அப்புறம்தான் சிக்கல். கவனிக்கும்போது வி4 நியூரான்கள் ஒன்றாக ஏறி இறங்கும் இரைச்சல் (தூண்டல் மாறாமலே பதிலில் வரும் ஏற்ற இறக்கம்) குறைகிறது, கவனத்தால் வரும் பலனில் பெரும்பங்கு அதனால்தான் என்று கோஹன், மான்செல் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். சேர்ந்து ஆடினால் என்ன கெடுதல்? சராசரி எடுத்தால் இரைச்சல் போய்விடாதா? நாலைந்து நியூரான்களை வைத்து ஒரு சின்னக் கணக்காக யாராவது விளக்குங்களேன். ரிசப்டிவ் ஃபீல்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் சொல்லுங்கள். 'ஏற்புப் புலம்' சரியா?