இன்ஜின் மாற்றிய பிறகு எச்சரிக்கை விளக்குகள் திரும்பத் திரும்ப எரிகின்றன: இன்ஜினே மோசமா?

தகடூர் ஆசிரியை (கேள்வி):

வணக்கம். நான் தர்மபுரியில் வசிக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என்னுடையது 2015 மாடல் டீசல் கார். பள்ளிக்குப் போய்வர தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கண் சிகிச்சைக்காகச் சேலம் அழைத்துப் போய் வருகிறேன்.

ஏப்ரலில் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் ஓஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. நான் கவனித்து நிறுத்துவதற்குள் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொண்டது. சிலிண்டரை மூடும் ஹெட் வளைந்துவிட்டது, சிலிண்டரிலும் கீறல் விழுந்திருந்தது. பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே மேல் என்றார்கள். பெங்களூரிலிருந்து அதே மாடலின் பழைய இன்ஜின் வந்தது. மே கடைசியில் வண்டி கைக்குக் கிடைத்தது.

அன்றிலிருந்து டேஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன. பட்டறைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஸ்கேனரைச் செருகி, "அழித்துவிட்டோம், இனி வராது" என்றார்கள். மூன்று நான்கு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இடையில் கிராங்க் சென்சர் ஒன்றும் புது பேட்டரி ஒன்றும் மாற்றினார்கள். கடைசியாகப் போனபோது, "பழைய இன்ஜின் என்றால் விளக்கு எரியத்தான் செய்யும், பார்க்காமல் ஓட்டுங்கள்" என்றார் ஒருவர். அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கக் கூடாத ஒன்றை எதற்காக ஓட்டுநரின் கண்ணெதிரே வைத்திருக்கிறார்கள்?

அதனால் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அப்படியே தருகிறேன்.

ஜூன் 12, இரவு 7.40, காரிமங்கலம் தாண்டி. மழை. ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓடின. முதலில் சிவப்பு பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் (பிரேக் சம்பந்தமான) விளக்கும்.

ஜூன் 16, காலை 8.10. ஏபிஎஸ் மட்டும். பள்ளி வாசலில் இடப்பக்கம் முழுதாகத் திருப்பி வேகத்தடையில் ஏறியபோது.

ஜூன் 21, இரவு 8 மணி, தொப்பூர் ஏற்றம். மூன்றும் எரிந்தன. ஏசியை அணைத்ததும் பேட்டரி விளக்கு போய்விட்டது. மற்ற இரண்டும் வண்டியை நிறுத்தும்வரை போகவில்லை.

ஜூன் 24, பகல். ஏபிஎஸ் மட்டும். அதே பள்ளி வாசல்.

ஜூன் 27, காலை. செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. புது பேட்டரி போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது.

அடுத்த வாரம் மறுபடி சேலம் போக வேண்டும். இரவில் தொப்பூர் ஏற்றத்தில் மூன்று விளக்கு எரிய, பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கிய இன்ஜினே மோசமா? வேறு இன்ஜின் தேட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை சாலை:

எனக்கும் இப்படி நடந்தது, சகோதரி. என் டீசல் காரில் இன்ஜின் மாற்றியபோது பழைய இன்ஜினோடு அதன் இன்ஜெக்டர்களும் சேர்ந்து வந்தன. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். எந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடுகிறது என்ற திருத்தக் கணக்கு அது. அதை வண்டியின் இசியுவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், எழுத வேண்டும். எழுதாமல் விட்டதால் எனக்கு நின்ற இடத்தில் இன்ஜின் நடுங்கியது, கரும்புகை வந்தது, மஞ்சள் விளக்கும் எரிந்தது. நான்கு குறியீட்டையும் எழுதிய அன்றே எல்லாம் சரியானது. உங்கள் பட்டறையில் அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அரூர் வாசி:

பேட்டரி டெர்மினலை அரை மணி நேரம் கழற்றி வைத்து மாட்டுங்கள். எல்லா விளக்கும் அணைந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வயரிங் வேலைக்காரன், கிருஷ்ணகிரி:

டீச்சரம்மா, முதலில் அந்த நோட்டுக்கு என் வணக்கம். முப்பது வருடமாக வண்டி வயரிங் பார்க்கிறேன். "எப்போதோ ஒரு முறை எரிகிறது, எப்போது என்று தெரியவில்லை" என்றுதான் எல்லோரும் வண்டியைக் கொண்டுவருவார்கள். நீங்கள் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அரூர் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. டெர்மினலைக் கழற்றாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, வோல்டேஜ் என்ன என்று கோளாறு எண்ணோடு சேர்த்து இசியு பதிந்து வைக்கிறது. அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும். உங்கள் பட்டறையும் மூன்று முறை இதைத்தான் செய்திருக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் அழிப்பது, ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்காமல் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

இனி உங்கள் நோட்டு. அதில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. 12ஆம் தேதியும் 21ஆம் தேதியும் மூன்று விளக்குகள் சேர்ந்து எரிந்திருக்கின்றன. இரண்டு முறையும் இரவு, கரண்ட் இழுக்கும் சாமான்கள் எல்லாம் ஓடுகின்றன. ஏசியை அணைத்தால் பேட்டரி விளக்கு போகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பாகங்கள் ஒரே நிமிடத்தில் கெடாது. மூன்றுக்கும் பொதுவானது கரண்ட். காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவதும் இதோடு சேர்ந்தது. 16ஆம் தேதியும் 24ஆம் தேதியும் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையோ கியர் பாக்ஸையோ பாடியோடு இணைக்க ஒரு தடித்த எர்த் வயர் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இருக்கும், பல வண்டிகளில் செம்புக் கம்பி பின்னிய பட்டையாக இருக்கும். இன்ஜினை இறக்கும்போது அதைக் கழற்றியாக வேண்டும். ஏற்றும்போது மறந்துவிடுவார்கள். அல்லது துருவின் மேலும் பெயிண்டின் மேலும் வைத்து முறுக்கிவிடுவார்கள். பார்த்தால் மாட்டியிருப்பதாகவே தெரியும். செல்ஃபும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரும் இன்ஜின் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. அந்தப் பாதை சரியில்லை என்றால் கரண்ட் கிடைத்த வழியில் போகும். ஒரு பழைய வேனில் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய், அதன் மேலுறை உருகிப் புகை வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்கும் அதற்கு முன்பு இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்கள்.

நீங்கள் அறிவியல் ஆசிரியை. பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருக்கும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில், அதாவது கவ்வியில் இல்லாமல் ஈயக் கம்பத்தின் மேலேயே. சிவப்பு முனை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்பின் மேல். கியர் நியூட்ரல், கை பிரேக் இழுத்திருக்க வேண்டும். வேறொருவர் செல்ஃப் அடிக்கட்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான். பிறகு வண்டி நின்றபடியே இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு ஒருமுறை பாருங்கள். அப்போது 0.1க்கு மேல் காட்டக் கூடாது. சேலை முந்தானை பெல்ட் பக்கம் போய்விடாமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், அம்மா. இதைச் சும்மா சொல்லவில்லை.

மீட்டர் கிடைக்கவில்லை என்றால் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளில் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டு செல்ஃப் அடியுங்கள். சோம்பலாகச் சுற்றியது சுறுசுறுப்பாகச் சுற்றினால், எர்த்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தப் பள்ளி வாசல். ஏபிஎஸ் மட்டும் எரிகிறது, பகலில், இடப்பக்கம் முழுதாகத் திருப்பி மேட்டில் ஏறும்போது. இன்ஜின் இறக்க, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை உருவியிருப்பார்கள். அப்போது முன் சக்கரத்துக்குப் போகும் ஏபிஎஸ் சென்சர் வயரைக் கிளிப்பிலிருந்து எடுத்திருப்பார்கள். திரும்ப மாட்டாமல் விட்டால் திருப்பத்தில் இழுபடும், அல்லது ஷாஃப்டில் உரசும். சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ராயக்கோட்டை சாலை நண்பர் சொன்ன இன்ஜெக்டர் விஷயம் உண்மைதான், அதையும் கேளுங்கள். ஆனால் உங்களுக்கு நடுக்கமோ புகையோ இல்லை, அதனால் எர்த்தை முதலில் பாருங்கள்.

எர்த் வயரின் விலை சில நூறு ரூபாய்தான். அதைப் பார்க்காமல் வேறு இன்ஜின் தேடிப் போய்விடாதீர்கள்.

சூளகிரி டாக்சி ஓட்டுநர்:

அக்கா, அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மஞ்சள் விளக்கோடு மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் சிவப்பில் எண்ணெய்க் கூசா மாதிரி ஒரு படம் இருக்கும், அது ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்கவே கூடாது. வெப்பமானி படம் சிவப்பில் எரிந்தாலும் அப்படியே. பழைய இன்ஜினுக்கு ஆயில் பிரஷரை ஒரு முறை கேஜ் மாட்டி அளந்துவிடச் சொல்லுங்கள், மனம் நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்று. ஆர்.சி.யில் புது இன்ஜின் எண் ஏறிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவில் வரும் விஷயம் இது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எண்ணை மாற்றி, இன்சூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள். பழைய இன்ஜின் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஏதாவது ஒன்று நடந்த பிறகு எண் பொருந்தவில்லை என்றால் அலைய வேண்டிவரும்.

தகடூர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை பார்த்தேன். மீட்டரை நான் பிடித்தேன், தம்பி செல்ஃப் அடித்தான்.

1.6 வோல்ட்.

தவறாக வைத்திருப்பேனோ என்று மூன்று முறை பார்த்தேன். 1.6, 1.5, 1.6. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு ஓடவிட்டபோது 0.5. கால் மணி நேரம் ஓடிச் சூடான பிறகு அதுவே 0.7 ஆனது. ஜம்ப் கேபிளைக் கவ்வவிட்டதும் செல்ஃப் சுற்றிய சத்தமே வேறு. இன்ஜின் மாற்றிய நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பட்டை வயர் இருந்தது. பேட்டரித் தட்டுக்குக் கீழே, கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கு. பாடி பக்கத்து போல்ட்டைக் கழற்றினால், வயரின் வளையத்துக்குக் கீழே தடிமனாகக் கறுப்பு பெயிண்ட். அந்த இடத்தில் துரு பிடித்திருந்ததால் அழகாக இருக்கட்டும் என்று அடித்திருக்கிறார்கள். அதன் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கரண்ட் போயிருக்கிறது. வளையம் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது, சூடுபட்ட இரும்பு போல. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தோம். பட்டையும் பாதி கம்பி அறுந்திருந்ததால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, முறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவினோம். இப்போது செல்ஃப் அடிக்கும்போது 0.18. எல்லாம் ஓடும்போது 0.04.

ஏபிஎஸ் விஷயத்திலும் நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது, அண்ணா. இடது முன் சக்கரத்தில் வயர் கிளிப்பில் இல்லாமல் தொங்கியது. ஷாஃப்டின் ரப்பர் பூட் உரசி உரசி, வயரின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. சென்சரோடு சேர்த்து மாற்றிவிட்டேன்.

புதன்கிழமை அம்மாவைச் சேலம் அழைத்துப் போனேன். திரும்பும்போது இரவு ஏழரை மணி, தொப்பூர் ஏற்றம், முன்னால் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. ஹெட்லைட், ஏசி, மழை இல்லாவிட்டாலும் வைப்பர்கூட வேண்டுமென்றே போட்டேன். ஒரு விளக்கும் எரியவில்லை. "ஏன் ரோட்டைப் பார்க்காமல் கீழேயே பார்க்கிறாய்?" என்று அம்மா கேட்டார்கள்.

மறுநாள் மஞ்சள் இன்ஜின் விளக்கு மட்டும் ஒருமுறை வந்தது. இந்த முறை அழிக்கவிடாமல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன்: பி 0401. இன்ஜெக்டர் குறியீடுகளையும் பார்த்தேன். மூன்றுதான் பொருந்துகின்றன, நான்காவது முன்பு பிடித்துக்கொண்ட இன்ஜினுடையதாகவே இசியுவில் இருக்கிறது. சனிக்கிழமை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வயரிங் வேலைக்காரன், கிருஷ்ணகிரி:

ரொம்ப சந்தோஷம், டீச்சரம்மா. பி 0401 என்றால், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வழியாக வரும் புகை போதவில்லை என்று அர்த்தம். பழைய இன்ஜினில் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கும். புது வால்வு வாங்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்து, வேக்குவம் ஓஸ் ஏதாவது விரிந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். சுத்தம் செய்த தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். மறுபடி வந்தால் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று இங்கே சொல்லுங்கள், பார்ப்போம்.