மறுமொழி: ‘ஒழுங்குமுறைத் திரிபு’ வேண்டாம், ‘மடைத்திரிபு’ என்போம்

அன்புள்ள அண்ணனுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மரபணுவை மாற்றாமல், அது எவ்வளவு, எங்கே வேலை செய்யும் என்பதை மட்டும் மாற்றும் டி.என்.ஏ. எழுத்து மாற்றத்தை ஆங்கிலத்தில் ‘regulatory variant’ என்கிறார்கள். நம் அகராதிக்கு அதன் தமிழ்ச் சொல்லாக அண்ணன் சொன்ன ‘மரபணு ஒழுங்குமுறைத் திரிபு’ இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘ஒழுங்கு’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. தொண்டியில் ஒரு தாய் பரிசோதனை அறிக்கையில் இதைப் படித்தால், பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்றுதான் பயப்படுவார். மரபணு வேலை செய்யும் அளவு ஆளுக்கு ஆள் மாறுவது இயல்பு. அதில் ஒழுங்கும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை.

பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதிக்கான மரபணு எல்லோரிடமும் உண்டு. பால்குடி மறந்தபின் பலருக்கு நொதி குறைந்துவிடும். சிலருக்கு முதுமை வரை குறையாது. காரணம் அந்த மரபணுவுக்குள் இல்லை. ஏறத்தாழ 14,000 டி.என்.ஏ. எழுத்து தள்ளி, பக்கத்து மரபணுவுக்குள் ‘சி’ என்ற ஓரெழுத்து ‘டி’ ஆகியிருக்கிறது. 2002-இல் பின்லாந்துக் குடும்பங்களில் கண்டுபிடித்த இந்த மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது. நொதி அதேதான், அளவு மட்டும் வேறு.

டஃபி இன்னும் முக்கியம். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் அது. ராமேசுவரம் தீவில் மலேரியா ஒழிப்பு வேலை பார்த்தவர்களுக்கு வைவாக்ஸைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவின் முன்பகுதியில் ஓரெழுத்து மாறியிருப்பதால் சிவப்பணுவில் டஃபி உருவாவதில்லை. வைவாக்ஸ் எளிதில் அண்டாது. உடம்பின் மற்ற இடங்களில் அதே புரதம் வழக்கம்போல உருவாகிறது.

ஆக, நம் சொல் ‘எவ்வளவு’, ‘எங்கே’ இரண்டையும் உணர்த்த வேண்டும். மடை உணர்த்துகிறது. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயில் ஒரு மடையை அடைத்தால் அந்த மடைக்கு உட்பட்ட வயல்தான் காயும்; மற்ற மடைகளில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

மடை கரையிலேயே இருக்குமே, லாக்டேஸ் மாற்றம் அவ்வளவு தள்ளி இருக்கிறதே என்று தம்பி கேட்டது நியாயம். மேல் கண்மாயில் மறித்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து குறைவதை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? அதனால் தொலைவு இந்தச் சொல்லுக்குத் தடையில்லை.

‘மடைத்திரிபு’ என்றே அகராதியில் சேர்ப்போம். மரபணுவின் முன்பகுதிக்குத் ‘தலைமடை’ என்று பெயர் வைக்கலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. தலைமடை, கடைமடை என்பவை வயல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் சொற்களாக இன்றும் புழங்குகின்றன. அதற்கு வேறு சொல் தேடுவோம்.