கோரோப்ளெத் (choropleth; மாநிலம், மாவட்டம் என ஒவ்வோர் எல்லைக்குள்ளும் அளவுக்கேற்ப நிறம் நிரப்பிய நிலப்படம்): தமிழில் 'எல்லைச்சாயப் படம்' எனலாமா?

> 'நிறச்செறிவு வரைபடம்' போதுமே. அடர் நிறம் என்றால் வறுமை அதிகம், அவ்வளவுதானே?

வணக்கம் ஐயா. அவ்வளவு மட்டும் இல்லை. நிறம் எந்த எல்லைக்குள் நிரம்புகிறது என்பதுதான் கோரோப்ளெத்தின் உயிர். 'நிறச்செறிவு' அதைச் சொல்லவில்லை. 1826இல் சார்ல் துய்ப்பேன் என்ற பிரெஞ்சுக் கணிதர் பிரான்சின் கல்வி நிலையை மாவட்டம் மாவட்டமாக நிழலிட்டுக் காட்டினார். சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் 1889இல் லண்டன் வறுமைக்குப் போட்ட படம் வேறு ரகம்: தெருத்தெருவாக, கறுப்பிலிருந்து மஞ்சள் வரை வண்ணம்.

நம் பக்கத்தையே பாருங்கள். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. அதை ஒட்டியே கடலூர் மாவட்டம். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் (நலவாழ்வு, கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது) வறியவர்கள் புதுச்சேரியில் 1.72 விழுக்காடு, தமிழ்நாட்டில் 4.89. மாநில வாரியாகச் சாயம் பூசினால் பாகூர் எல்லையில் சட்டென்று நிறம் மாறும். இந்தப் பக்கமும் நெல்தான், அந்தப் பக்கமும் நெல்தான். போதாக்குறைக்கு, கேரளக் கரையில் கிடக்கும் மாஹேயும் ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏனாமும் அதே 1.72க்குள் அடக்கம்!

கடலூரில் கதை நேரெதிர். மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்றால் வீராணத் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோவில், மானாவாரி மிகுந்த திட்டக்குடிப் பக்கம், நெய்வேலி டவுன்ஷிப் மூன்றும் ஒன்றாகிவிடும். வட்ட வாரியாகப் பிரித்தால் வேறு படம், ஊராட்சி வாரியாகப் பிரித்தால் இன்னொன்று. வீடும் ஆளும் அப்படியேதான் இருக்கிறார்கள். பெயரிலேயே 'எல்லை' இருந்தால் படம் பார்ப்பவர் இதை ஒரு கணம் யோசிப்பார்.

'வரைபடம்' வேண்டாம். பள்ளிக் கணக்கில் எக்ஸ், ஒய் அச்சு போட்டு வரைவதும் அதுதான்.

> 'சாயம்' என்றால் சாயப்பட்டறை நினைவு வருகிறதே? அப்புறம், எல்லையை விட்டுவிட்டுச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால் என்ன பெயர்?

பட்டறை நினைவு வந்தால் வரட்டும். பூசப்பட்ட நிறம் என்ற பொருள் அதில் கெடவில்லை. 'வண்ணம்' போட்டால் 'எல்லை வண்ணம்', எல்லைக்கோட்டின் நிறமாகிவிடும். கட்டங்களுக்குக் 'கட்டச்சாயப் படம்' எனலாம். எல்லையை மாற்றினால் முடிவும் மாறும் தொல்லைக்கு 'எல்லைமாற்றச் சிக்கல்' என்று வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் நீளம்தான், சுருக்கமாக யாராவது தாருங்கள்.